நாலு சதவீத ஆற்றுப்படை

புந்தா அரேனாஸில் காற்றுக்கு
ஞாயிறு திங்கள் கிடையாது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்
பிடித்துக்கொண்டு நடக்க.

யாஸ்னா மிஹோவிலோவிச்
பகலில் படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவள்,
இரவில் கூடாரங்களைப் பற்றி எழுதுபவள்.
ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் பின்னால் அடித்து நிறுத்தி
காற்றின் கையில் ஒப்படைத்துவிட்டுத்
தூங்கப் போவாள்.
விடிந்ததும் எது நிற்கிறதோ
அதற்கு நல்லதாக நாலு வரி.
வரிகளின் முடிவில் நீல நிறத்தில் ஒரு சொல்:
இங்கே.

இங்கே என்று தொட்டால் அங்கே போகும்,
சாந்தியாகோவில் ஒரு கிடங்குக்கு.
போனவர் வாங்கினால்
நூற்றுக்கு நாலு இவளுக்கு.
மறைக்கமாட்டாள்.
"இதில் எனக்குத் தரகு உண்டு.
உங்களுக்கு விலை கூடாது.
பிடிக்கவில்லையா, கடையை நீங்களே தேடிப் போங்கள்,
கோபித்துக்கொள்ள மாட்டேன்."

எங்கள் பழம்பாணன் செய்ததும் இதுதான்.
பரிசில் வாங்கித் திரும்புகிறவன்
எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி
இந்த மலையைச் சுற்று, அந்த ஆற்றில் முதலை உண்டு,
இருட்டில் நடக்காதே,
அப்பால் ஒருவன் இருக்கிறான், கொடுப்பான், போ என்றான்.
முதலையைச் சொன்னதால்தான்
கொடுப்பவனையும் நம்பினார்கள்.
பாணனுக்குச் சதவீதம் வந்ததாகப் பாட்டில் இல்லை.
வந்திருந்தால்தான் பாட்டில் சொல்வானா.

ஜூலையில் ஒரு புதுக் கம்பெனி
பன்னிரண்டு தருகிறேன் என்றது.
மஞ்சள் கூடாரம். படத்தில் கண்ணைப் பறித்தது.
மூன்று இரவு நின்றது.
நாலாம் இரவு லிஸாந்த்ரோவுக்குக் காய்ச்சல்,
நனைத்த துணியும் தெர்மாமீட்டருமாக
மகன் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.
காலையில் கூடாரத்தைச் சுருட்டி உள்ளே வைத்தாள்.
எழுத உட்கார்ந்தபோது
எண்ணிக்கை நாலு என்றே விரலில் வந்தது.

ஒன்பது இடத்தில் இங்கே வைத்தாள்.
தலைப்பின் கீழே, படத்தின் கீழே,
படிக்கிறவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம்.
கூவிக் கூவி விற்கிறவனைக் கண்டால்
நடையை எட்டிப் போடுவது போல
வந்தவர்கள் போனார்கள்.
ஒருத்தி மட்டும் தொட்டாள்:
தெமுகோவில் பள்ளி ஆசிரியை, நோயெமி கயுகேயோ.
நூற்றுப் பத்தொன்பதாயிரம் பேசோ.
யாஸ்னாவுக்குப் பதினாலாயிரத்து இருநூற்று எண்பது.
அதில் லிஸாந்த்ரோவுக்குப் பூட்ஸ்.

அக்டோபரில் ஒரு படம் வந்தது.
நீரிணைக்கு அக்கரை, பனி கலந்த மண்.
முறிந்த கம்பு,
அதன் முனையைத் தொட்டுக் காட்டும் கையுறை விரல்.
வசவில்லை, கேள்வியில்லை,
கையெழுத்துகூட இல்லை.
அடியில் ஒரே சொல்:
இங்கே.

அன்றிரவு ஒன்பதையும் பிடுங்கினாள்.
தரகைத் திருப்பிக் கட்ட வழி தேடினாள்.
வாங்கிக்கொள்ளப் பொத்தான் உண்டு,
வேண்டாமென்று சொல்லப் பொத்தான் இல்லை.
முறிந்த கம்பின் மேல் மாட்டும்
அலுமினியக் குழாய் ஒன்றைத் தபாலில் அனுப்பினாள்.
பிறகு பக்கத்தை முதலிலிருந்து எழுதினாள்.
"நாலாம் இரவு நான் பார்க்கவில்லை.
பார்த்ததாக எழுதினேன்.
கம்பு இந்த இடத்தில் முறிகிறது.
வாங்கியவர்கள் தூக்கிப் போடாதீர்கள்,
இந்தக் குழாய் போதும்."
கடைசியில் ஒரே ஒரு நீலச் சொல்.

குழாயின் விலை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒன்றுக்கு நூற்றுப் பதினாறு இவளுக்கு.
டிசம்பர் முடிய எண்பத்தோரு பேர் வாங்கினார்கள்.
ஒன்பதாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள்.
ஒரு மஞ்சள் கூடாரம் தந்ததை எட்டவில்லை.
எண்பத்தோரு பேர் என்பதை
இன்னொரு முறை படித்தாள்.

நோயெமியிடமிருந்து பதில் இல்லை.

இன்று மறுபடி மஞ்சளை வெளியே அடித்திருக்கிறாள்.
குழாய் மாட்டிய கம்பு.
நாலாம் இரவு இது.
லிஸாந்த்ரோ பூட்ஸோடு தூங்கிவிட்டான்.
சன்னலோரம் நாற்காலி, ஆறிப்போன மாத்தே பானம்.
மணி மூன்று பத்து.
காற்று இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.